மாலுமி என்றால் ஆசிரியர்



நம் சங்கத்தின் வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற மாதம் தொழில் செய்வோரின் பெயர்களைப் படித்துக் கொண்டிருந்தோம். உழவர், தச்சர், கொல்லர், குயவர், நெசவாளர் என்று வரிசையாக எழுதி, கடைசியாக 'மாலுமி' என்று எழுதினேன். 'கப்பல் ஓட்டுபவர்' என்று பொருளும் சொன்னேன். முன் வரிசையில் இருந்த நான்காம் வகுப்புச் சிறுமி கையைத் தூக்கினாள். "மிஸ், எங்க ஸ்கூல்ல அரபி மிஸ்ஸை முஅல்லிமான்னு கூப்பிடுவோம். இது அதே மாதிரி இருக்கே?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தை சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

இரண்டும் ஒரே சொல்தான் என்று அன்று வகுப்பில் விளக்கினேன். அடுத்த வாரம் ஒரு மாணவனின் தந்தையார் என்னைச் சந்தித்தார். "மாலுமி அரபுச் சொல் என்றால் அதை எதற்குத் தமிழ் வகுப்பில் சொல்லிக் கொடுக்க வேண்டும்? மீகாமன் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே. ஏற்கெனவே எங்கள் பிள்ளைகள் பேச்சில் பாதி வேற்று மொழி. நாமும் சேர்ந்து கலக்க வேண்டுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடு கேட்டார். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லாருக்கும் உள்ள கவலைதான் அது. நின்ற இடத்தில் விடை சொல்லி முடிக்கக் கூடிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இந்த இதழில் எழுதுகிறேன்.

எல்லையில் ஒரு சொல்

என் சொந்த ஊர் காரோடு. கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முடிகிற இடம் என்று சொன்னால் இன்று பலருக்குத் தெரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு இன்னொரு மாநிலத்திலுமாக ஆன பெண்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் போனால் கடல். அங்கே உள்ள ஊர் பொழியூர். ஆறோ காயலோ கடலில் சேரும் வாயை எங்கள் பக்கத்தில் 'பொழி' என்போம். பொழியூருக்கு அடுத்த கடற்கரை ஊர் நீரோடி. பொழியூர் கேரளம், நீரோடி தமிழ்நாடு. ஆனால் மணலில் நின்று பார்த்தால் எது எந்த மாநிலம் என்று தெரியாது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது பொழியூரிலிருந்து ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருவார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மையிடம் கதை பேசுவார். அவர் கணவர் கொல்லத்துப் பக்கம் நீண்டகரையில் விசைப்படகில் வேலை செய்தார். "எங்க வீட்டுக்காரரு போட்டுல ஸ்ராங்காக்கும்" என்று அவர் பெருமையோடு சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்ராங்கு என்றால் படகை நடத்துகிறவர்.

பிறகு நான் எல்லை தாண்டித் தமிழ் வழியில் படிக்கப் போனேன். அங்கே ஒரு கட்டுரையில், படகை ஓட்டுபவரை 'சிராங்கு' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, 'மலையாளம் கலக்காதே' என்று எழுதினார். ஊருக்குத் திரும்பினால் அங்கே உள்ள தோழிகள் 'பாண்டித் தமிழ்' என்று கேலி செய்வார்கள். இந்தப் பக்கம் போனால் மலையாளம், அந்தப் பக்கம் போனால் பாண்டி. என் வாயில் வரும் சொல்லுக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லையோ என்று அப்போது வெட்கப்பட்டதை மறக்க முடியாது.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. சிராங்கு மலையாளமும் அல்ல, தமிழும் அல்ல. பாரசீக மொழியில் 'சர்ஹங்' என்றால் படைத்தலைவர். இன்றும் ஈரான் நாட்டுப் படையில் கர்னல் பதவிக்கு அதுதான் பெயர். அந்தச் சொல் கப்பலில் ஏறி, கப்பல் தொழிலாளர்களின் மேலாள் என்ற பொருளைப் பெற்று, நம் கரைகளில் இறங்கியது. தமிழ்நாட்டில் சாரங்கு, கேரளத்தில் ஸ்ராங்கு, மலாய் மொழியில் செராங். பொழியூர் அக்காவின் கணவர் நீண்டகரையில் தாங்கிய பட்டம் ஒரு படைத்தலைவரின் பட்டம்!

என் கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் மேல் இப்போது எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என்னைப் போல் நம் பிள்ளைகள் காரணமில்லாமல் வெட்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

கற்றுக் கொடுத்தவர் கப்பல் ஓட்டினார்

இப்போது மாலுமிக்கு வருவோம்.

அரபு மொழியில் 'இல்ம்' என்றால் அறிவு. அறிவுடையவர் ஆலிம். அறிவைக் கற்பிப்பவர் முஅல்லிம். ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் இவை. நம் இஸ்லாமியச் சகோதரர்களின் வீடுகளில் ஆலிம் என்ற சொல் அன்றாடம் புழங்குவது.

ஆசிரியரின் பெயர் கப்பலுக்கு எப்படிப் போனது? பழைய காலத்துக் கப்பலில் வலிமையானவர்கள் பலர் இருந்தார்கள். வழி தெரிந்தவர் ஒருவரே. எந்த நட்சத்திரம் எந்த மாதத்தில் எங்கே எழும், எந்தக் காற்று எப்போது திரும்பும், எந்தத் துறைமுகத்து வாயில் பாறை இருக்கிறது என்பதையெல்லாம் படித்தும் பழகியும் அறிந்தவர் அவர். அவரை முஅல்லிம் என்று மற்றவர்கள் மரியாதையாக அழைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற கடல்வழி அறிஞர் அகமது இப்னு மாஜித் இத்தகைய முஅல்லிம்களில் ஒருவர். அவர் பிறந்த ஜுல்ஃபார், இன்றைய ராஸ் அல் கைமாவில் இருக்கிறது. வளைகுடாவில் வாழும் நமக்கு அவர் அண்டை வீட்டுக்காரர். காற்று, நட்சத்திரம், கடல்வழி பற்றி அவர் எழுதிய நூல்கள் இன்றும் கிடைக்கின்றன.

முஅல்லிம்கள் கையில் வைத்திருந்த கருவி மிக எளியது. ஒரு சிறு சதுரப் பலகை, அதன் நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் படும்படி பிடிப்பார்கள். எத்தனையாவது முடிச்சு என்பதைக் கொண்டு வடக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிடுவார்கள். அரபுக்காரர்கள் இதைக் 'கமால்' என்றார்கள். தமிழ்க் கடலோடிகள் 'இராப்பலகை' என்றார்கள். இராத்திரியில் பயன்படும் பலகை என்று பொருள். கருவி ஒன்று, பெயர் இரண்டு.

இந்த முஅல்லிம்தான் தமிழிலும் மலையாளத்திலும் மாலுமி ஆனார். முதலில் வழிகாட்டி ஒருவருக்கு மட்டும் உரிய பெயராக இருந்தது, காலப்போக்கில் கப்பலில் வேலை செய்யும் எல்லாருக்கும் பொதுப் பெயராக விரிந்தது. ஆங்கிலேயர் காலத்துக் கப்பல்களில் துணை அதிகாரியை 'மாலும் சாகிப்' என்று நம் நாட்டுத் தொழிலாளர்கள் அழைத்ததை யூல், பர்னல் இருவரும் 1886-இல் வெளியிட்ட அகராதியில் குறித்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் இன்றும் கப்பலின் துணை அதிகாரி 'முஅலிம்'தான்.

அதே சொல் ஆப்பிரிக்கக் கரைக்கும் போனது. அங்கே சுவாகிலி மொழியில் 'ம்வாலிமு' என்றால் பள்ளி ஆசிரியர். தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாட்டு மக்கள் அவரைக் கடைசி வரை 'ம்வாலிமு' என்றே அன்போடு அழைத்தார்கள். ஆக, இந்துமாக்கடலின் மேற்குக் கரையில் அந்தச் சொல் வகுப்பறையிலேயே இருந்துவிட்டது. நம் கரையில் அது கப்பலிலேயே இருந்துவிட்டது. வளைகுடாவில் படிக்கும் நம் பிள்ளைகள் காலையில் அரபு வகுப்பில் ஒரு பொருளிலும், வெள்ளிக்கிழமை தமிழ் வகுப்பில் இன்னொரு பொருளிலும் அதே சொல்லைக் கேட்கிறார்கள்.

ஆளின் பெயர் எங்கே?

பள்ளியில் நாம் எல்லாரும் படித்த கதை ஒன்று உண்டு. வாஸ்கோ ட காமா 1498-இல் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மலிந்தியிலிருந்து ஒரு வழிகாட்டியின் உதவியோடு கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தார் என்பது. அந்த வழிகாட்டி இப்னு மாஜித்தான் என்று சில பழைய புத்தகங்களில் இருக்கும். அதை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பர்ரோஸ் அவரைக் குஜராத்துக்காரர் என்று குறித்து, 'மாலெமோ கானா' என்று பெயர் தருகிறார். காஸ்டன்ஹேடா என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் 'கானாக்வா' என்கிறார்.

குழந்தைகளே, இந்தப் பெயரைச் சற்று உற்றுப் பாருங்கள். மாலெமோ என்பது முஅல்லிம், அதாவது நம் மாலுமி. கானாக்வா என்பது கணக்கன், கணிதன் என்ற பொருளுடைய 'கணக' என்ற வடசொல்லின் திரிபு என்பது அறிஞர்கள் கருத்து. அப்படியானால் 'ஆசிரியர், கணிப்பவர்' என்று இரண்டு பட்டங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. உலக வரலாற்றையே மாற்றிய ஒரு பயணத்துக்கு வழி காட்டியவரின் சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் கரையில் இன்றும் கணிப்பவர்கள் இருக்கிறார்கள். நடுக்கடலில் நின்று கொண்டு, கரையில் தெரியும் ஒரு மலையையும் ஒரு கோவில் அல்லது தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டு வருவார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல் நேர்ப்படுத்துவார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் கடலடியில் மீன் கூடும் பார் இருக்கும். திருவனந்தபுரம் கரை மீனவர்கள் இந்த முறையைக் 'கணிச்சம்' என்கிறார்கள். தகப்பன் மகனுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பது இது. எழுத்தில் இல்லாத இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் முஅல்லிம்கள்தாம்.

படையிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து வாய்க்காலுக்கு

கடலோடிகளைக் குறிக்கும் வேறு சில சொற்களையும் பார்ப்போம். ஒவ்வொன்றும் ஊர் சுற்றி வந்த சொல்.

லஸ்கர்: பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. போர்த்துகீசியர் இதிலிருந்து 'லஸ்கரின்' என்ற சொல்லை உண்டாக்கி, உள்நாட்டுப் படைவீரரைக் குறித்தார்கள். இலங்கையில் லஸ்கரின் படைகள் இருந்தன. ஆங்கிலேயர் கையில் அதே சொல் இந்தியக் கப்பல் தொழிலாளியைக் குறிக்கும் 'லஸ்கர்' ஆனது. தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையில் ஏரி, வாய்க்கால் மதகுகளைத் திறந்து அடைத்துக் காவல் காப்பவருக்கு 'லஸ்கர்' என்று பெயர் உண்டு. டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இதை அறிவார்கள். கேரளத்தில் படகுத் தொழிலாளிக்கு இன்றும் லஸ்கர் என்ற பதவி உண்டு.

கலாசி: இதுவும் கப்பல் தொழிலாளிதான். மலாய் மொழியில் 'கெலாசி' என்றால் இன்றும் கடலோடி. நம் நாட்டிலோ இரயில்வேயில் உதவித் தொழிலாளிக்குக் கலாசி என்று பெயர் வந்தது. கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் கலாசிகள் என்றால் மரக்கலங்களைக் கயிறும் உருளையும் கொண்டு கடலில் இறக்குபவர்கள். 1988 ஜூலை 8 அன்று கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் இரயில் விழுந்தபோது, பெட்டிகளை மேலே எடுக்கப் பேப்பூர் கலாசிகள் வந்து உழைத்ததைக் கேரளம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

தண்டல்: தூத்துக்குடித் தோணிகளை நடத்துபவர் தண்டல். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தண்டயல். தெலுங்கிலும் மராத்தியிலும் தண்டேல். குஜராத், தாமன் கரைகளில் இது குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. 2025-இல் 'தண்டேல்' என்ற பெயரில் தெலுங்குப் படம் ஒன்று வந்தது. அக்பர் காலத்து அயினி அக்பரியில் கப்பல் பணியாளர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் நாகுதா, முஅல்லிம், தண்டில், சர்ஹங் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். நாகுதா என்றால் கப்பலின் தலைவர். வளைகுடா மீன்பிடிப் படகுகளில் வேலை செய்யும் நம் குமரி மாவட்டச் சகோதரர்கள் தினமும் 'நொகதா' என்று சொல்வது அவரைத்தான்.

கப்பித்தான்: போர்த்துகீசியச் சொல். தலை என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இது எங்கள் நாட்டில் எதிர்த் திசையில் பயணம் செய்தது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மர் டச்சுக்காரரை வென்றார். அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் பிறகு மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுத் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். கப்பல் தலைவரின் பெயர் தரைப்படைத் தலைவருக்கு வந்து சேர்ந்தது. 1777-இல் இறந்த அவரது கல்லறை குமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

ஆக, படைத்தலைவர் படகோட்டி ஆனார், படை என்ற சொல் கப்பல் தொழிலாளியாயிற்று, கப்பல் தலைவர் படைத்தலைவர் ஆனார், ஆசிரியர் மாலுமி ஆனார். கடலில் பல நாட்டுக்காரர்கள் ஒரே கப்பலில் வேலை செய்தார்கள். புயல் நேரத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்கு உடனே புரிய வேண்டும். அங்கே யார் சொல் என்று பார்க்க நேரமில்லை, எல்லாருக்கும் புரிகிற சொல் எது என்றுதான் பார்த்தார்கள்.

நம்மிடம் இருந்தவை, நாம் கொடுத்தவை

நமக்குச் சொந்தச் சொல் இல்லாததால் கடன் வாங்கினோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அகநானூற்றின் 255-ஆம் பாடலில் கப்பலைச் செலுத்துபவரை 'நீகான்' என்று புலவர் மருதன் இளநாகனார் குறிக்கிறார். உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துத் துறைமுகம் இருக்கும் இடத்தை அறிந்து அவர் கலத்தைச் செலுத்துகிறார். கலங்கரை விளக்கம் பற்றிய அருமையான செய்தி இது. மீகான், மீகாமன் என்ற சொற்களும் நம் இலக்கியத்தில் இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீகான் என்ற சொல்லுக்கு இன்று பொருள் எழுதுபவர்கள் 'மாலுமி' என்றே எழுதுகிறார்கள்! அரபிலிருந்து வந்த பிள்ளை, வீட்டுப் பாட்டியை விருந்தினருக்கு அறிமுகம் செய்து வைப்பது போல் இருக்கிறது.

நாமும் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் தம் பயண நூலில் எழுதினார். இன்று உலகம் முழுவதும் அந்தச் சொல் வழங்குகிறது. ஆனால் அங்கே இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு அந்தப் பெயர். நம் கரையிலோ மரத்துண்டுகளை இணைத்துக் கயிற்றால் கட்டியதே கட்டுமரம். எங்கள் பக்கத்தில் சுருக்கமாக 'மரம்' என்றே சொல்வார்கள். நம் சொல்லும் வெளிநாட்டில் பொருள் மாறித்தான் வாழ்கிறது.

பழைய சொற்கள் எல்லாம் அழிந்தும் போகவில்லை. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பொழியூரிலும் அதுதான், நீரோடியிலும் அதுதான். பின்பக்கம் நின்று படகைத் திருப்புபவர் அமரக்காரர். 1991-இல் மம்மூட்டி நடித்து வந்த 'அமரம்' மலையாளப் படத்தின் பெயர் தமிழர் எவருக்கும் மொழிபெயர்க்க வேண்டாத பெயர்.

கடலில் எல்லைக் கோடு இல்லை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கரையை அலைக்கழித்தது. புயலாக வலுப்பெற்ற செய்தி வருவதற்குள் நூற்றுக்கணக்கான படகுகள் ஆழ்கடலில் இருந்தன. நீரோடி முதல் இரயுமன்துறை வரை உள்ள எட்டுக் கடற்கரை ஊர்களும், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களும் தங்கள் ஆண்மக்களை இழந்தன. உயிர் பிழைத்த பல படகுகள் இலட்சத்தீவிலும் கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் கரைகளிலும் போய் ஒதுங்கின. இரு மாநில அரசுகளும் காணாமல் போனவர்களைத் தனித்தனிப் பட்டியலாக எழுதின. ஆனால் எங்கள் கரையில் ஒரே படகில் இரு மாநிலத்தாரும் சேர்ந்து போவது வழக்கம். படகில் இருப்பவனுக்குத் தன் பக்கத்தில் நிற்பவன் எந்த மாநிலம் என்பது பெரிய செய்தி அல்ல.

அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. ஒக்கியில் அடிபட்ட அதே திருவனந்தபுரம் கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக் கொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் விரைந்தார்கள். கூரை மேல் நின்றவர்களை இறக்கிக் கரை சேர்த்தார்கள். அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் போற்றினார்.

இதைச் செய்தியில் கேட்டபோது எனக்கு லஸ்கர் என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. படை என்று பொருள் தந்த சொல் பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் ஏறி, கூலிக்கு உழைக்கும் கடல் தொழிலாளியின் பெயராகச் சிறுத்துப் போயிருந்தது. அந்த 2018 ஆகஸ்டில், அகராதியைப் பார்க்காமலே, மக்கள் அதன் பழைய பொருளைக் கடலோடிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தந்தையாருக்கு என் விடை

ஐயா, உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். மாலுமி வந்ததால் மீகாமன் ஓரளவு மறைந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆகவே மீகாமனையும் நம் வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். நீகானையும் அமரக்காரரையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

ஆனால் மாலுமியைத் துரத்த வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன். அந்தச் சொல் ஓர் அறிவோடு வந்தது. தமிழ் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு மாலுமியை, மாலுமிக்கு, மாலுமிகள் என்று நம் வேற்றுமை உருபுகளை ஏற்றுக் கொண்டது. நம்மோடு உழைத்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. 'புக்கை டேக் பண்ணு' என்று பேசுவது வேறு. எடு என்ற சொல் கையருகே இருக்கும்போதே அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது சோம்பல். அந்தச் சோம்பலோடுதான் நாம் போராட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆபத்து அங்கே இருக்கிறது, மாலுமியிடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் மதுரைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நெல்லைப் பிள்ளைகள், யாழ்ப்பாணப் பிள்ளைகள், குமரிப் பிள்ளைகள், பாலக்காட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் பாட்டி பேசும் தமிழில் ஏதோ ஒரு சொல் மற்றவர்களுக்குப் புதிதாக இருக்கும். அதைக் கேட்டுச் சிரிக்கும் முன், சிவப்பு மையை எடுக்கும் முன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்போம். நான் சிறுவயதில் பட்ட வெட்கம் நம் வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

கேள்வி கேட்ட சிறுமி மறுநாளே தன் அரபு ஆசிரியையிடம் போய், "எங்கள் தமிழில் முஅல்லிம் கப்பல் ஓட்டுவார்" என்று சொன்னாளாம். ஆசிரியை மகிழ்ந்து போய், அதை வகுப்பு முழுவதற்கும் சொல்லச் சொன்னாராம். தமிழைப் பற்றி அந்தப் பள்ளியில் அன்று பேசியவள் நம் வகுப்புக் குழந்தை. அந்த மகிழ்ச்சி போதாதா?

வீட்டுப் பயிற்சி
(பெற்றோர் உதவியோடு செய்து அடுத்த வகுப்புக்குக் கொண்டு வரவும்)

1. மாலுமி, மீகாமன், அமரக்காரர், தண்டல் ஆகிய நான்கு சொற்களையும் வைத்து ஒவ்வொரு வாக்கியம் எழுதுக.

2. லஸ்கர் என்ற சொல் பாரசீகத்திலும் ஆங்கிலேயர் கப்பலிலும் தமிழ்நாட்டு வாய்க்கால் கரையிலும் என்னென்ன பொருள் தந்தது? வரிசையாக எழுதுக.

3. ஒரு தாளில் இந்துமாக்கடல் படம் வரைந்து மலிந்தி, ராஸ் அல் கைமா, கோழிக்கோடு, குளச்சல், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களைக் குறிக்கவும். கடலோடியைக் குறிக்கும் ஒரு சொல்லை ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் எழுதவும்.

4. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது தாத்தா, பாட்டியிடம் அவர்கள் செய்த தொழிலில் வழங்கிய மூன்று சொற்களைக் கேட்டு எழுதி வரவும். அகராதியில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். பொருளை நாம் எல்லாரும் சேர்ந்து வகுப்பில் தேடுவோம்.